வெந்நீர் பட்ட பாதம்

மார்கழிக் குளிர் எங்கள் சமயநல்லூரையும் விட்டுவைப்பதில்லை. சுபுஹுத் தொழுகைக்கு உளூச் செய்ய என் தாயார் தாமே வெந்நீர் வைத்துக்கொள்வார்கள். சென்ற ஆண்டு ஒரு விடியலில் பாத்திரம் கைநழுவி, கொதிநீர் அவர்களது இடது பாதத்தில் கொட்டிவிட்டது.

"ஒண்ணுமில்லை, எரிச்சல்கூட இல்லை" என்றார்கள். அதை நம்பிப் பற்பசையைத் தடவிவிட்டு மதரஸாவுக்குச் சென்றுவிட்டேன். மாலையில் திரும்பியபோது பாதமெங்கும் கொப்புளங்கள்!

மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். நீரிழிவு நெடுநாள் இருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கக்கூடும். வலியில்லை என்பது நற்செய்தியன்று என்றார். முதுமையில் தோல் மெலிந்துவிடுவதால் சூடு ஆழமாக இறங்கும்; புண் ஆறவும் நாளாகும். தாயாருக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

நான் செய்திருக்க வேண்டியது எளியது. சுட்ட இடத்தில் உடனே 20 நிமிடங்கள் குழாய்த் தண்ணீர் ஓடவிட வேண்டும். சற்றுத் தாமதமானாலும் மூன்று மணி நேரத்திற்குள் இது பயன் தரும். வீக்கம் காணுமுன் மோதிரம், வளையல், கொலுசுகளைக் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கலாகாது, ஒட்டிய துணியை இழுக்கலாகாது. முதியோர் உடல் விரைவில் குளிர்ந்துவிடுமாதலால், மற்றப் பகுதிகளைப் போர்வையால் போர்த்துங்கள். பின்னர்ப் புண்ணைத் தூய துணியால் தளர்வாக மூடி, சிறிதாகத் தோன்றினும் முதியவரை மருத்துவரிடம் காட்டுங்கள். பெருங்காயமாயின் 108-ஐ அழையுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தீக்காயத்திற்கெனத் தனிப் பிரிவே உள்ளது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாயார் ஒவ்வொரு வக்துக்கும் கட்டை அவிழ்த்துப் பாதத்தைக் கழுவ முற்பட்டார்கள். தண்ணீர் தீங்கு செய்யுமெனில் கட்டின்மேல் ஈரக்கையால் மஸஹ் செய்யவும், தேவைப்படின் தயம்மும் செய்யவும் மார்க்கம் சலுகை தந்துள்ளது. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இச்சட்டத்தை என் வீட்டில் எடுத்துரைக்க மறந்திருந்தேன்! சொன்னபோது, "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?" என்றார்கள். தலைகுனிந்தேன்.

இப்போது வெந்நீர் வைத்து விளாவிக் கொடுப்பது என் பொறுப்பு. உங்கள் இல்லத்து முதியோருக்கும் அவ்வுதவியைச் செய்யுங்கள். பெற்றோரைப் பேணும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.