ஒரு மாதத்துக்கு ஓர் அறை

2023ஆம் ஆண்டு எமது தமக்கையாருக்குக் கொழும்பில் இருதய சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தது. சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. இலவச மருத்துவம் என்னும் உரிமை இந்நாட்டு மக்களிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதை எப்படியோ காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஆனால் மருத்துவமனையை விட்டு வந்த பின் ஒரு மாத காலம் அருகிலேயே தங்கி, வாரந்தோறும் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். நெஞ்சைக் கீறித் தைத்த ஒரு பெண் மண்டூருக்கும் கொழும்புக்கும் இடையே வாரந்தோறும் அலைவது ஆகிற காரியமன்று. எனவே பாடசாலையில் விடுமுறை பெற்றுக்கொண்டு, ஓர் அறை தேடி நாம் முன்னதாகவே புறப்பட்டோம். பாதையில் வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, மட்டக்களப்புக்குப் பஸ் பிடித்து, இரவுப் புகையிரதத்தில் ஏறினோம். விடிந்தபோது கோட்டை நிலையத்தில் நின்றோம்.

தமிழர் என்றால் வெள்ளவத்தை என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் புத்திமதி. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள குறுக்குத் தெருக்களில் ஒரு தரகரின் பின்னால் இரண்டு நாள் நடந்தோம். அங்கே வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பூட்டிய மாடிகளே எத்தனையோ! ஆனால் அவர் விளக்கினார்: “வருஷக் கணக்கில எடுத்தா ஆறு மாத முற்பணம், மாஸ்டர். ஒரு மாதம் எண்டா நாள் வாடகைதான்.” நாளொன்றுக்கு 15,000 ரூபா. நான்கு நாள் வாடகை எமது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். யாருக்காக இந்த விலை என்று கேட்டோம். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்காம். அவர்கள்மீது எமக்குக் கோபமில்லை. 1983இல் இதே கொழும்பில், வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தபோது உயிர் தப்பி ஓடியவர்களும் அவர்களுள் உள்ளனர். அவர்கள் உழைத்து அனுப்பும் அந்நியப் பணத்தை அளவுகோலாக வைத்து உள்ளூர்க்காரனின் கூரைக்கு விலை போடுகிறார்களே, அவர்கள் வேறு ஆட்கள்.

ஒரு வீட்டில் மட்டும் மாத வாடகைக்குச் சம்மதித்தார்கள். வீட்டுக்கார அம்மையார் நல்லவர், தேநீரும் தந்தார்.

“ஊர் எது, தம்பி?”

“மண்டூர், அம்மா. மட்டக்களப்புப் பக்கம்.”

“வருத்தக்காரருக்கோ அறை?” என்று சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “குறை நினையாதையும். வீட்டிலை ஒண்டு நடந்துட்டா, பிறகு ஒருத்தரும் வாடகைக்கு வரமாட்டினம்” என்றார். அதற்குமேல் என்ன பேசுவது?

லொட்ஜில் தங்கலாமே என்றார் தரகர். லொட்ஜ் என்றதும் எம் தலைமுறையினருக்கு 2007ஆம் ஆண்டு யூன் 7 நினைவுக்கு வரும். அன்று அதிகாலை பொலிசார் கொழும்பு லொட்ஜுகளுக்குள் புகுந்து, தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமரும் பிறகு வருத்தம் தெரிவித்தார். லொட்ஜில் தங்குகிறவனுக்குக் கடவுச்சீட்டோ, வேலையோ, வைத்தியமோ ஏதாவதொன்றுதான் காரணமாக இருக்கும். அந்தக் காரணம் தகுந்ததா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை.

நடந்து கால் ஓய்ந்த வேளையில் எமக்குப் பழைய சட்டங்கள் நினைவுக்கு வந்தன. 1972இன் வாடகைச் சட்டம் குடியிருப்போனை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தது. 1973இல், கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்ச வரம்பு வந்தது. வாடகைக்கு இருந்த பலர் வீட்டுக்குச் சொந்தக்காரரானார்கள். இடதுசாரி இயக்கத்தின் பெருமைக்குரிய காரியம் அது. யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சட்டங்களின் கண்ணில் பட்டவன் நிலைத்துக் குடியிருப்பவன். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாதத்தில் திரும்பிப் போகிற நாட்டுப்புறத்தான் அவற்றில் இல்லை. குடியிருப்புப் பிரச்சினையைப் பற்றி 1872இல் ஏங்கல்ஸ் எழுதியவற்றை மாணவப் பருவத்தில் படித்திருக்கிறோம். முதலாளித்துவம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளி வைக்கிறது என்பது அவர் கருத்து. வெள்ளவத்தையிலிருந்து தள்ளப்பட்டு நாம் போய்ச் சேர்ந்த இடம் தெமட்டகொடை.

அங்கே, புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவர், 25,000 ரூபாவுக்குத் தம் வீட்டின் முன்னறையைத் தந்தார். மாடிப்படி ஏற வேண்டியதில்லை. குழாய் மட்டும் பொது. அவர் ஒரு படிவத்தை நீட்டி, “பொலிசில பதியணும் மாத்தயா, சட்டம்” என்றார் சங்கடத்துடன். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று வீட்டுக்காரனிடம் கேட்டறியப் பொலிசாருக்கு இடமளிப்பது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனது சட்டம் போகவில்லை. படிவத்தில் ‘வந்த காரணம்’ என்றொரு கட்டமிருந்தது. ‘இருதயம்’ என்று எழுதினோம்.

அறைக்கு வந்து ஒரு வாரத்தின் பின், இந்த அலைச்சலையெல்லாம் தமக்கையாரிடம் சொன்னோம். வெள்ளவத்தை அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்லியிருப்போம். அவர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நம்மட வளவு அறையைக் கேட்டு வந்த அந்த டீச்சர்பிள்ளைக்கிட்ட அம்மா என்ன கேட்டா, ஞாபகமா தம்பி?” என்றார்.

ஞாபகம் இருந்தது. மலையகத்திலிருந்து எமது பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியை அவர். எமது வளவில் ஓர் அறை வெறுமையாகக் கிடப்பதை யாரோ சொல்லி வந்திருந்தார். எமது தாயார் முதலில் கேட்டது, “எந்தக் குடி, மகள்?” என்பதே. எம் பகுதியில் குடி என்பது தாய்வழியாக வருவது. கோயிலிலும் கலியாணத்திலும் ஆளை அளப்பது அதைக் கொண்டுதான். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. “நாங்க லயத்துல குடியிருக்கோம் அம்மா” என்று கள்ளமின்றிச் சொன்னார். தாயார் எம்மைப் பார்த்தார். கூரை ஒழுகுகிறது, திருத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர் நாமே.

அவர் களுவாஞ்சிகுடியில் அறை எடுத்து, நாள்தோறும் பாதையில் வந்து போனார். மாரி காலத்தில் காற்றும் மழையும் மிகுந்து பாதை தாமதிக்கும் நாட்களில், வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அவர் ஒப்பமிடுவதை, கோட்டுக்கு மேலே ஒப்பமிட்டுவிட்டு நின்ற நாம் பார்த்திருக்கிறோம். மூன்றாம் ஆண்டு மாற்றம் பெற்றுப் போய்விட்டார். எந்தப் பாடசாலைக்கு என்று நாம் விசாரிக்கவில்லை.

தமக்கையார் நலமாக ஊர் திரும்பினார். அந்த வளவு அறையில் நெல்மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. கூரை அன்றும் ஒழுகவில்லை, இன்றும் ஒழுகவில்லை.