காக்கையும் பனம்பழமும்

எங்கள் பங்கு அலுவலகத்தில் மேசைக் கணினி ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவுகள், கல்லறைத் தோட்டக் கணக்கு, ஞாயிறு அறிவிப்புகள் யாவும் அதனுள்தான் இருக்கின்றன. அதன் இருபுறமும் ஒரு சாண் உயரத்தில் இரு ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அவை ஊமையாயின. அதை முன்னிட்டு நான் செய்த பிழை ஒன்றை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை என்று எண்ணி இதை எழுதுகின்றேன்.

மாலை வேளைகளில் எங்கள் அலுவலகத்திற்கு இளைஞன் ஒருவன் தட்டச்சு வேலைக்கு வருவான். தந்தையை இழந்தவன். பகலில் கல்லூரி, மாலையில் எங்கள் கணினி. வேலை முடிந்தபின் அரைமணி நேரம் பாட்டுக் கேட்பான். அதை நான் தடுத்ததில்லை, விரும்பியதும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மாலையிலும் வழக்கம்போல் பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீடு சென்றான்.

திங்கட்கிழமை காலை மூதாட்டி ஒருவர் பென்டிரைவ் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன், தன் குழந்தை பேசுவதைப் படம் பிடித்து, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். "செல்போன்ல கேட்டா என் காதுக்கு எட்டல சாமி. ஒங்க பெட்டியில பெரிசாக் கேக்கும்னு சொன்னாங்க" என்றார்.

திரையில் குழந்தை தோன்றியது. அதன் வாய் அசைந்தது, ஒலி இல்லை. ஒலிபெருக்கியின் திருகை முழுவதும் திருப்பினேன், பயனில்லை. மூதாட்டி சிறிது நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "என் காது அவ்வளவுதான் போலிருக்கு சாமி" என்று எழுந்தார். "இல்லை பாட்டி, எனக்கும்தான் கேட்கவில்லை" என்றேன். என் ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று எண்ணினாரோ என்னவோ, பதில் கூறாமல் படியிறங்கிச் சென்றார்.

அந்த முகம் அன்று முழுவதும் என்னை வாட்டியது. அந்த வாட்டம் மாலையில் சினமாக மாறிற்று. இளைஞன் உள்ளே நுழைந்ததும், "உன் பாட்டுக் கச்சேரியால் ஒலிபெருக்கி பாழாயிற்று. அடுத்தவன் பொருள் என்றால் அருமை தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். "நான் ஒண்ணும் பண்ணல, ஃபாதர்" என்று ஒரே ஒரு முறை சொன்னான். வேலையை முடித்துவிட்டுச் சென்றான். மறுநாள் அவன் வரவில்லை.

புதிய ஒலிபெருக்கி வாங்கலாம் என்று புதன்கிழமை நகரத்துக் கடைக்குப் பழையவற்றை எடுத்துச் சென்றேன். கடைக்காரர் அவற்றைத் தமது பழைய கைபேசியில் செருகினார். பாட்டுக் கடை முழுவதும் ஒலித்தது. "இதுல ஒரு கோளாறும் இல்ல, ஃபாதர். கடைசியா எதை மாத்துனீங்க?" என்று கேட்டார். "எதையும் மாற்றவில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பி, சொன்னபடியே செய்தேன். ஒலிபெருக்கியில் மின்விளக்கு எரிந்தது. அதன் கம்பியின் முனை, கணினியின் பின்புறத்தில் பச்சை வளையமிட்ட துளையில்தான் இருந்தது. பச்சைத் துளை ஒலி வெளியேறும் வழி. இளஞ்சிவப்பு, மைக்குக்கு உரியது. வெளிர்நீலம், பிற கருவிகளிலிருந்து ஒலி உள்ளே வரும் வழி. மூன்றும் ஒரே அளவினவாதலால் மாற்றிச் செருகுவோர் பலர். அடுத்து, திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைப் பார்த்தேன். ஒலி அடைக்கப்பட்டிருந்தால் அதன்மேல் பெருக்கற்குறி தெரியும், அதுவும் இல்லை. இறுதியாக, அச்சின்னத்தின்மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். ஒலி எவ்வழியே செல்கிறது என்று அங்கே எழுதியிருந்தது. ஒலிபெருக்கியின் பெயர் அன்று, திரையின் பெயர்!

அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமையன்று, அன்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த புதிய திரையைப் பொருத்தியவன் நானே. பழைய திரை, 1987-இல் வழக்கிற்கு வந்த வி.ஜி.ஏ. என்னும் இணைப்பினால் ஆனது. அக்கம்பி படத்தை மட்டுமே சுமக்கும். புதியது எச்.டி.எம்.ஐ. இணைப்பு, அது படத்தோடு ஒலியையும் சுமக்கும். ஆகவே கணினி, இனி ஒலியும் திரைக்கே உரியது என்று கொண்டு, அங்கே அனுப்பத் தொடங்கியிருந்தது. அந்தத் திரைக்கோ வாய் இல்லை. ஒலி சாகவில்லை, கேட்பார் இல்லாத இடத்திற்குத் திருப்பப்பட்டிருந்தது. பட்டியலில் ஒலிபெருக்கியைத் தேர்ந்த மறுகணமே ஒலி திரும்பிற்று.

குருமடத்தில் எங்களுக்குத் தருக்கவியல் கற்பித்தவர், முதல் ஆண்டிலேயே ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவார். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று கொள்வது. இதை நம் முன்னோர், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டனர். அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும், வெள்ளிக்கிழமைப் பாட்டையும் திங்கட்கிழமை மௌனத்தையும் முடிச்சுப் போட்டேன். இடையே இருந்த சனிக்கிழமை என் கண்ணில் படவில்லை. அது என்னுடைய சனிக்கிழமை அன்றோ!

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றேன். அவனுடைய தாய் பதறி நாற்காலி போட்டார். அமரவில்லை. அவர் முன்னிலையிலேயே, "தம்பி, குற்றம் என்னுடையது, உன்னைப் பழித்தது தவறு. மன்னித்துவிடு" என்றேன். ஆயிரம் பேருக்கு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்த நாவுக்கு அந்தச் சில சொற்கள் எளிதாக இல்லை. அவன் தலை கவிழ்ந்து நின்றான். பிறகு, "நாளைக்கு வர்றேன், ஃபாதர்" என்றான்.

மறுநாள் மூதாட்டியை அழைத்து வரச் செய்தோம். அவனே படத்தை ஓடவிட்டான். "அப்பத்தா!" என்ற மழலை அறை முழுவதும் ஒலித்தது. மூதாட்டி தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "காது போகல சாமி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

பிறகு அவன் எனக்கு மேலும் சில சொல்லித் தந்தான். இரைச்சல் வந்தால் மின்செருகியை வேறு இடத்தில் மாற்றிப் பார்க்க வேண்டும். பட்டியலில் ஒலிக்கருவியே காணப்படாவிடில், அதை இயக்கும் மென்பொருளை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால், பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறான். முதல் வரியை மட்டும் நான் என் கையால் எழுதினேன்: "கடைசியாக எதை மாற்றினீர்கள்?"