கூன் என்று கேட்ட சொல்

சென்னையைப் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் தில்லியைப் பார்த்துவிட்டோம். 1984இல் நாட்டின் பல சிறு நகரங்களில் தொலைக்காட்சிக் கோபுரங்கள் அடுத்தடுத்து எழுந்தன. எங்கள் ஊரிலும் ஒன்று வந்தது. தில்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியே வருவதை அப்படியே வாங்கித் தருவதுதான் அதன் வேலை. சென்னை நிலையத்தின் 'ஒலியும் ஒளியும்' எங்களை எட்ட மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே ஏழு வயதில் எங்கள் கண்ணில் பதிந்த முதல் பெருநகரம், நாங்கள் ஒரு சொல்லும் அறியாத இந்தியில் பேசியது.

தெருவில் வக்கீல் வீட்டில் மட்டுமே பெட்டி இருந்தது. செருப்பைப் படியோரம் விட்டுவிட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் அமர்வோம். 'ஹம் லோக்' தொடரின் முடிவில் அசோக் குமார் தோன்றி ஏதோ கூறுவார். வக்கீல் வீட்டு ஆச்சி, "சரியாத்தான் சொல்லுதாரு" என்பார். நாங்களும் தலையசைப்போம். புரியாத மொழியின் மீது அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு.

அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். தொடர்ந்த நாட்களில் வக்கீல் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. தீன் மூர்த்தி இல்லத்தில் கிடத்தப்பட்டிருந்த உடல், அதைக் கடந்து நகரும் மக்கள். தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இடையே கூட்டத்திலிருந்து ஒரு முழக்கம் எழும்: 'கூன் கா பத்லா கூன்'. அதில் எங்களுக்கு விளங்கியது 'கூன்' என்ற ஒரு சொல் மட்டுமே. அதுவும் தமிழ்க் கூன். முதுகு வளைந்த யாரையோ பற்றியது என்று எண்ணிக்கொண்டோம். மாலையில் ஒருவன் கூனிக்கொண்டு முன்னே நடக்க, மற்றவர்கள் அம்முழக்கத்தைக் கூவியபடி தெருக்கோடி வரை பின்தொடர்ந்தோம். பெரியவர்கள் எவரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் இந்தி தெரியாது.

அடுத்த சனவரியில் அதே பெட்டியில் குடியரசு நாள் அணிவகுப்பைக் கண்டோம். அகன்ற சாலை, ஒட்டகப் படை, அலங்கார ஊர்திகள். சந்தும் சாக்கடையும் இல்லாத நகரம். எங்கள் மனத்தில் நெடுங்காலம் நின்ற தில்லி அதுதான்.

இந்தி அறிந்த நண்பர் ஒருவர் அம்முழக்கத்தின் பொருளைச் சொன்னபோது நாங்கள் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தோம். இரத்தத்துக்குப் பழி இரத்தம். அதன்பிறகே அந்நாட்களைப் பற்றித் தேடிப் படித்தோம். உடலுக்கு மக்கள் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், யமுனைக்கு அப்பால் திரிலோக்புரியில் சீக்கியர்கள் வீடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டு எரிக்கப்பட்டார்கள். தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே கூறுகிறது. தொலைக்காட்சி அந்தத் தெருக்களைக் காட்டவில்லை. ஆனால் அக்கொலைகளின் முழக்கத்தை எங்கள் ஊர்க் கூடம் வரை கொண்டுவந்து சேர்த்திருந்தது.

2011இல் பயிலரங்கு ஒன்றுக்காக நாங்கள் ஆசிரியர் மூவர் தில்லி சென்றோம். வாடகைக் காரை ஓட்டிவந்தவர் ஒரு சீக்கியர். எங்கள் வயதுதான் இருக்கும். இந்தியா கேட்டை ஒட்டிச் செல்கையில், அணிவகுப்புச் சாலையைச் சிறுவயதில் பெட்டியில் பார்த்த கதையை, இந்தி அறிந்த எங்கள் நண்பர் அவரிடம் உற்சாகமாகச் சொன்னார். ராஜ்பத் என்று அன்று வழங்கிய அச்சாலை, 2022இல் கர்த்தவ்ய பத் எனப் பெயர் மாறியது. எந்த ஆண்டு பார்த்தீர்கள் என்று கேட்டார் அவர். சொன்னோம்.

சற்று நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "எங்கள் வீட்டிலும் பெட்டி இருந்தது" என்றார். "அந்த நவம்பரில் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, ஒலியை மிகவும் குறைத்துவைத்துப் பார்த்தோம். அந்தக் கோஷம் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து சன்னலருகே செல்வார். பெட்டியிலிருந்து வருகிறதா, தெருவிலிருந்து வருகிறதா என்று அவருக்குத் தெரியவேண்டும்."

வக்கீல் வீட்டில் அன்று, வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டிவைத்திருந்தார்கள்.

நாங்கள் ஆடிய விளையாட்டை அவரிடம் சொல்லவில்லை. ஒன்றும் அறியாத குழந்தைகள்தாமே என்று அவரே தேற்றியிருக்கக்கூடும். அந்தத் தேறுதலை அவரிடமிருந்து பெறக் கூசியது. இறங்கும்போது கைகூப்பினோம். அவரும் கூப்பினார்.

தன்மைப் பன்மையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்தத் தொடரின் பெயர் நினைவுக்கு வருகிறது. இந்தியின் 'ஹம்', முன்னே இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' ஆகவும் வரும். அவரை விலக்கி நிறுத்தும் 'நாங்கள்' ஆகவும் வரும். தமிழில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஒரே காட்சியை ஒரே வேளையில் பார்த்திருந்த அந்தச் சிறுவனையும் எங்களையும் சேர்த்து 'நாம்' என்று எழுத, இக்கட்டுரையில் ஓரிடத்திலும் கை வரவில்லை.