ஊர் வளர்வதும் தேய்வதும்

ரெக்சாஸ் மாநிலத்தில், ஒஸ்ரின் நகருக்கு வடக்கே, நாம் சில குடும்பங்கள் வாழும் ஊர் ரவுண்ட் ராக். பிரஷி ஓடையின் நடுவே கிடக்கும் வட்டக்கல் ஒன்றே இவ்வூருக்குப் பெயர் தந்தது. வண்டிகளும் மாட்டு மந்தைகளும் ஓடையைக் கடக்கும் துறைக்கு அக்கல்லே அடையாளம். 1876இல் புகையிரதப் பாதை சற்றுக் கிழக்கே போடப்பட்டதும், வணிகர்கள் தம் கடைகளை அங்கே மாற்றிக்கொண்டனர். பழைய கடைவீதி ஓய்ந்தது. பின்னர் 35ஆம் இலக்க நெடுஞ்சாலை வந்தது. 1994இல் டெல் கணினி நிறுவனம் தலைமையகத்தை இங்கு நகர்த்தியது. 1970இல் 2,811 பேர் வாழ்ந்த ஊரில் 2020இல் 119,468 பேர் வாழ்ந்தனர்.

இத்தொகையைக் காணும்போது யாழ்ப்பாணம் எம் நினைவுக்கு வராதிருக்குமா? 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ். மாநகரில் ஏறத்தாழ 118,000 பேர் இருந்தனர். 2012இல் அது 88,000 அளவாகக் குறைந்தது. இவ்வூரை ஏற்றிய பாதையும் தொழிலும் மக்களும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இழக்கப்பட்டமையே காரணம். 1990இல் யாழ்தேவி நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மூடப்பட்டது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபர் 30இல் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்ததை யார் மறப்பர்?

2014இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015இல் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. ஆனால், அதில் ஏறிச் சென்று 'இதுவே எமது வளவு' எனக் காட்டவல்லோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். காணி உறுதிகள் எமது அலுமாரிகளில் உள்ளன. வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார் காணி என்று அவற்றில் எழுதப்பட்ட எல்லைகளை எம் பிள்ளைகள் வாசிக்கவும் அறியார். வேலி அழிந்த இடத்தில் எல்லையைச் சொல்ல எமது வாயன்றி வேறு சாட்சியும் இல்லை.

இந்நாட்டவர் வட்டக்கல்லின் அருகே பூங்கா அமைத்து, மந்தைப் பாதையின் நினைவாகச் சிலைகளும் நிறுத்தியுள்ளனர். நாம் சிலை எழுப்ப வேண்டியதில்லை. கிணறு, கோயில், ஒழுங்கை, அயலவர் பெயர் ஆகியவற்றுடன் வளவின் வரைபடமொன்றைத் தாளில் வரைந்து, உறுதியுடன் சேர்த்து வைப்போம். பிள்ளைகளை அருகிருத்தி அதனைத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். எம் மூத்தோர் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும்.