எண்ணூர் ஓரம் மண் தள்ளும் டிராக்டர்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், வலப்பக்கம் கடலும் கருங்கல் தடுப்பும், இடப்பக்கம் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான். திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது, எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி பிறந்தது. உழவர் வீட்டுக்கு நெருக்கமான ஊர் இவற்றுக்குச் சற்று மேற்கே இருக்கும் செம்பியம். 1960-ல் தொடங்கிய டாஃபே, மாஸே பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது அங்கேதான்.

பூண்டி ஏரியைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு எண்ணூரில்தான் கடலில் கலக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்துகொண்டது. இப்படி வெள்ளம் வந்து வடிந்த பிறகு, மீஞ்சூர், பொன்னேரிப் பக்க விவசாயிக்கு முதல் வேலை வயலில் இல்லை. சேறு மூடிய வண்டிப்பாதையைத் திறப்பதுதான். பனி நாடுகளில் வாசல் பனியை ஒதுக்குவதும் இதே டிராக்டர் பிளேடுதான். இங்கே பனிக்குப் பதில் வண்டல்.

இதற்கு 35 முதல் 45 ஹெச்.பி. வண்டியே போதும். பின்பக்க பிளேடு ஆறடி அகலம் இருந்தால், டிராக்டரின் சக்கரத்தடத்தை மூடும். பிளேடைச் சாய்வாக வைத்தால் மண் ஓரத்துக்கு ஒதுங்கும். நேராக வைத்தால் முன்னால் குவிந்து வண்டியைத் திணறடிக்கும். ஒரேயடியாக ஆழமாகச் சீவாமல், நாலு முறை மெல்லச் சீவ வேண்டும். நடுவில் ஆமை முதுகு மாதிரி மேடு விட்டால்தான் தண்ணீர் இருபுறமும் ஓடும். அது இல்லாத பாதை அடுத்த மழையிலேயே குளமாகும்.

முன்பக்க லோடர் வாங்க நினைப்பவர்கள் முன் அச்சின் பலத்தையும் பவர் ஸ்டீயரிங்கையும் பார்க்க வேண்டும். பின்னால் எடை கட்டாமல் லோடரில் மண் தூக்கினால் பின்சக்கரம் லேசாகி வழுக்கும். வாளியை உயர்த்தியபடி திரும்பினால் வண்டி கவிழும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க டாப் லிங்க்கில் கயிறு கட்டுவது உயிருக்கே ஆபத்து. முன்பகுதி மேலெழுந்து ஓட்டுபவர் மேல் மல்லாக்க விழும். கீழே உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும்.

கழிமுகம் ஓரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களும் உண்டு. அதைக் காய்ந்த பிறகு தள்ளினால் கண்ணிலும் மூச்சிலும் போகும், ஏர் ஃபில்டரும் அடைக்கும். ஈரம் இருக்கும்போதே ஒதுக்குவது நல்லது. உப்புத்தண்ணீர் பட்ட வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் அடித்துவிட வேண்டும்.