கோட்டை இல்லாத ஃபோர்ட் கொச்சி

ஃபோர்ட் கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் தேடுவது கோட்டையைத்தான். ஆனால் கோட்டை அங்கே இல்லை! 1503-ல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கியதை 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1806-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். கடற்கரையோரம் கொஞ்சம் இடிபாடுதான் மிச்சம்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போனால், 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைக் காட்டுவார்கள். அதுவும் காலி. எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்கே கொண்டுபோய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் இருப்பதோ 'டச்சு அரண்மனை'. கட்டியவர்கள் போர்ச்சுகீசியர், பேர் மட்டும் பழுதுபார்த்த டச்சுக்காரர்களுக்கு!

அப்படியானால் போர்ச்சுகீசியர் விட்டுப்போனது என்ன? சுற்றிப் பார்த்தவர் ஊர் திரும்பி, சாவி போட்டு வீட்டைத் திறக்கிறார். ஜன்னலைத் திறந்துவிட்டு, கேமராவை மேசையில் வைத்து, பையை அலமாரிக்குள் தள்ளுகிறார். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி... நான்குமே போர்ச்சுகீசியச் சொற்கள். கொச்சியில் தேடியது வீட்டிலேயே இருக்கிறது.