விருந்தினன் முறை

எம் பாட்டியார் உயிரோடிருந்த நாள்வரை எம் வீட்டில் சயாம் என்னும் சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லியதில்லை. 1943ஆம் ஆண்டு தோட்டத்திலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற எம் பாட்டனார், பான்போங் தொடங்கிப் பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட மரண இரயில் பாதைக்கு வேலையாளாய்ப் போனவர், திரும்பி வரவேயில்லை. அவர் எவ்விடத்தில் வீழ்ந்தார் என்று சொல்வாரும் இலர். அந்நாட்டுச் சோறு நமக்கு ஆகாது என்பது பாட்டியாரின் உறுதி. அவ்வுறுதியை மீறி, என் அறுபத்திரண்டாம் வயதில் யான் காஞ்சனபுரிக்குப் புறப்பட்டேன்.

அவ்வூரில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் உளது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல் செதுக்கி, பூச்செடி வைத்து, செவ்வனே காத்து வருகின்றனர். அவற்றுள் எம் பாட்டனார்க்கு இடமில்லை. பாதையமைத்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்க்கும் அவ்வாறு ஆளுக்கொரு கல்லும் பெயரும் வாய்க்கவில்லை. மனம் கசந்து வெளியே வந்தேன். யார்மேல் கசப்பு என்று கேட்டிருந்தால் அந்நேரம் விடை கூறியிரேன். அந்த நாட்டின்மேலேயே என்று நினைத்திருந்தேன் போலும்.

நிற்க. இரயிலடிக்கு அருகே ஒரு சிறு உணவுக்கடை. எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி எங்களைக் கண்டதும், “கின் காவ் ரூ யாங்?” என்றாள். உடன்வந்த பாங்காக்குத் தமிழ் நண்பர், “சோறு தின்றாயிற்றா என்று கேட்கிறாள்” என்றார். அவர்கள் நாவிலும் உண்பது என்றாலே சோறு உண்பதுதான். நலம் விசாரிக்கவும் அக்கேள்வியையே கேட்கிறார்கள். நம் தோட்டத்து லயன்களில் தலைவாசலில் நின்று கேட்ட கேள்வியன்றோ இது!

சோறும், தேங்காய்ப்பால் குழம்பும், கீரையும், மீனும் நடுவில் வந்தன. யான் குழம்புக் கிண்ணத்தை என் தட்டருகே இழுத்துப் பாதியைச் சோற்றில் கவிழ்த்துக்கொண்டேன். நண்பர் தடுத்தார். அங்கே கறிகள் எல்லார்க்கும் பொது. ஒரு கரண்டி எடுத்து, அதை உண்டு முடித்தபின் மறு கரண்டி எடுப்பதே மரியாதை. வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள். முள்ளால் சோற்றைக் கரண்டியில் தள்ளலாமேயன்றி அதை வாயிலிடுதல் ஆகாது. குச்சிகள் நூடல்சுக்கே உரியன. ஒட்டரிசிச் சோற்றை மட்டும் விரலால் உருட்டி உண்பர். குழம்பில் மிதந்த எலுமிச்சைப்புல்லை மென்று பற்களிடையே நார் சிக்கித் தவித்தேன். அது மணத்திற்கு இட்டது. ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மரக்கறி உண்போர் ஒன்று அறிக: கீரையிலும் மீன்சாறு கலப்பது அங்கு இயல்பு. “ஜே” என்று கேட்டால் இறைச்சி, மீன், முட்டை, பூண்டு எதுவுமில்லாத உணவு கிடைக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்துப் பொறித்த கடைகளே அதற்குரியன.

இவை சிறு பிழைகள். பெரும்பிழை இனித்தான். மூதாட்டியின் பேரன், நான்கு வயதிருக்கும், தண்ணீர்க் குவளை ஏந்தி வந்தான். மகிழ்ந்து அவன் தலைமேல் கைவைத்து, நம் வீட்டுப் பெரியோர் போல் வாழ்த்தினேன். மூதாட்டியின் முகம் மாறிற்று. பிள்ளையைத் தன்பால் இழுத்துக்கொண்டாள். உடலில் தலை உயர்ந்தது, அயலான் தொடலாகாது. கால் தாழ்ந்தது, அதை எவர்முன்னும், சிறப்பாகப் புத்தர் திருவுருவின்முன், நீட்டலாகாது என்பது அவர்கள் கொள்கை. நண்பர் சொல்லக் கேட்ட யான் எழுந்து, அவளினும் இளையவனாதலின் முதலில் கைகூப்பித் தலை தாழ்த்தினேன். அவளும் கைகூப்பினாள். பின்னர் நண்பர் என் பாட்டனார் கதையைச் சொன்னார். அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று இன்னும் ஒரு தட்டுச் சோறு கொணர்ந்து என்முன் வைத்தாள். அதற்குக் காசு வாங்க மறுத்தாள்.

அந்நாட்டார் இந்தியரை “கெக்” என்பர். அச்சொல்லுக்கு விருந்தினர் என்பதே முதற்பொருள். எம் பாட்டனார் விருந்தினராய் அங்குச் சென்றாரில்லை. துப்பாக்கி முனையில் சென்றார். துப்பாக்கி பிடித்தவன் அம்மூதாட்டியின் இனத்தானும் அல்லன். பல்லாண்டு சுமந்த கசப்பை யான் தவறான வாயிலில் இறக்கி வைக்கப் போயிருந்தேன் என்பதை அச்சோறு உணர்த்தியது. பாட்டியார் ஆகாது என்ற சோற்றை ஒரு பருக்கை மீதமின்றி உண்டேன்.

சகோதர சகோதரிகளே! புகைவண்டியேறியோ பேருந்திலோ சயாம் செல்வோர் இன்று நம்மில் மிகப் பலர். கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மறைத்து, காலணி கழற்றிச் செல்லுங்கள். பெண்டிர் பிக்குகளைத் தொடாதிருங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொதுவிடங்களில் நாட்டுப்பண் ஒலித்தால், நிற்பவரோடு நீங்களும் நில்லுங்கள். அரசர் உருவம் பொறித்த காசையும் காலால் மிதிக்காதீர்கள். அரசரை இழித்துப் பேசுவோர்க்கு அந்நாட்டுச் சட்டத்தின் 112ஆம் பிரிவு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

எனினும் சட்டத்திற்கு அஞ்சி ஒழுகுவது வேறு. பிறர் வீட்டில் இருக்கிறோம் என்று அறிந்து ஒழுகுவது வேறு. நம் வழக்கமே தூயது, பிறர் வழக்கம் இழிந்தது என்று எண்ணுவோன் எந்நாடு சென்றும் எதையும் கண்டவனாகான். பிழை செய்ய நேர்ந்தால் கைகூப்புங்கள். அக்கையசைவு நமக்குப் புதியதன்று. பொருளறிந்து செய்வதே வேண்டுவது.